சுவரில் மாட்டிய என் படம் குறித்து

உடல்பருமனுக்கு ஊசி மருந்து எழுதித் தரும் மருத்துவர்களுக்கும், எடைகுறைப்பு மையங்களை நடத்தும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் வணக்கம்.

போன வாரம் என் நாத்தனாருக்குத் துணையாகத் திருச்சியில் ஒரு மையத்துக்குப் போயிருந்தேன். பத்து மாதம் நானும் அங்கே சிகிச்சை பெற்றவள்தான். வரவேற்பறைச் சுவரில் என் படம் தொங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் 94 கிலோ, வலப்பக்கம் 79 கிலோ. முகத்தை மறைத்திருந்தார்கள், ஆனால் என் மாம்பழ நிறப் புடவையை எனக்குத் தெரியாதா? அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்கு அன்றைய எடை 88. வரவேற்பறையில் இருந்த பெண் படத்தைக் காட்டி, "இவரைப் போல நீங்களும் ஆகலாம்" என்றார் நாத்தனாரிடம். நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அந்தப் பெண் மீது எனக்கு வருத்தம் இல்லை. எந்த மையத்துக்குப் போனாலும் இப்படி ஒரு சுவர் இருக்கிறது என்று மற்றவர்களும் சொல்வதால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். முதல் ஊசி போடும் அன்றே, அதை நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிக் கொடுங்கள். நிறுத்திய பிறகு ஓராண்டுக்காவது எங்களைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

மருந்தைக் குறை சொல்ல வரவில்லை. டிர்செபடைடு என்ற அந்த ஊசி எனக்கு நன்றாகவே வேலை செய்தது. சர்க்கரை இறங்கியது. பல வருடமாக மலைக்கோட்டை அடிவாரத்தில் மாணிக்க விநாயகரை மட்டும் கும்பிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவள், உச்சிப்பிள்ளையார் வரை ஏறிவிட்டு வந்தேன். நிறுத்தியதற்குக் காரணம் பணம். அப்போது வாரம் ஒரு குப்பி 4,375 ரூபாய், மாதம் 17,500. சின்னவளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதம் வந்தது, ஊசி நின்றது. மருத்துவரிடம் சொன்னேன். "சரி, சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருங்கள்" என்றார். நிறுத்துவதற்கான ஆலோசனை அவ்வளவுதான். தொடங்குவதற்கு நாற்பது நிமிடம் பேசியவர் அவர்.

இந்த மருந்து உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து நாள் ஆகிறது, ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது என்பதைப் பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அதைத் தெரிந்துகொள்ளும் முன்பே உடம்பு சொல்லிவிட்டது. மாலை நான்கு மணிக்கு அலுவலகத்தில் எதிர் மேசைக்காரர் பருப்புவடைப் பொட்டலத்தைப் பிரிப்பார். பத்து மாதம் அது எனக்கு வெறும் காகிதச் சத்தமாக இருந்தது. ஊசி நின்ற நான்காவது வாரம் அந்தச் சத்தத்தில் கணக்குத் தப்பியது. அன்று இரவு பதினொரு மணிக்கு, தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை, அடுப்படி விளக்கைக்கூடப் போடாமல் நின்றபடியே சாப்பிட்டேன். எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. என் வீட்டுச் சோற்றை நானே திருடித் தின்பது போல இருந்தது.

மறுநாள் மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். நிறுத்தியவர்களுக்கென்று தனியாகப் பாக்கேஜ் இல்லை, புதிதாகப் பதிவு செய்துகொண்டால் மறுபடி தொடங்கலாம் என்று பதில் வந்தது.

ஏழு மாதத்தில் ஒன்பது கிலோ. இளைத்தபோது இரண்டு முறை பிடித்துத் தைத்த ஆறு ரவிக்கைகளை எடுத்துக்கொண்டு தையற்காரரிடம் போனேன். புதிதாகத்தான் தைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக் கூனிக்குறுகி நின்றேன். அவர் ரவிக்கையை உள்பக்கமாகத் திருப்பிக் காட்டினார். "துணியை வெட்டவே இல்லை அம்மா. உள்ளே விட்டுத்தான் பிடித்திருக்கிறேன். தையலைப் பிரித்தால் போதும்" என்றார். பிள்ளை பெற்றவர்களுக்கும் நோயில் விழுந்து எழுந்தவர்களுக்கும் தைத்துத் தைத்துப் பழகிய கை. ரவிக்கைக்கு முப்பது ரூபாய் வாங்குகிறவருக்கு இருந்த முன்யோசனை, ஒரு தடவை பார்க்க ஆயிரம் ரூபாய் வாங்கும் உங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஏனென்றால் உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. இதே மருந்தை 36 வாரம் போட்டு, எடையில் ஏறத்தாழ 21 சதவீதத்தைக் குறைத்தவர்களில் பாதிப்பேருக்கு அதன் பிறகு மருந்தில்லாத வெற்று ஊசி கொடுத்து ஓராண்டு பார்த்த ஆய்வு 2023 டிசம்பரில் வெளியானது. வெற்று ஊசிக்காரர்களுக்கு எடை 14 சதவீதம் ஏறியது. குறைத்ததில் 80 சதவீதத்தையாவது காப்பாற்றிக்கொண்டவர்கள் அவர்களில் ஆறில் ஒருவர்தான். இந்தியாவில் மருந்து விற்பனைக்கு வந்தது 2025 மார்ச்சில். அதாவது நான் உங்கள் வாசலை மிதிப்பதற்கு ஓராண்டுக்கும் முன்பே, எனக்கு என்ன நடக்கும் என்று அச்சில் இருந்தது. அந்த ஆய்வின் முதல் பாதியை மட்டும் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள்.

இளைத்த உடம்பு பழைய எடைக்குத் திரும்பவே பார்க்கிறது; பசியைக் கூட்டுகிறது, செலவழிக்கும் சக்தியைக் குறைக்கிறது. இதை உங்களிடமிருந்து கேட்டிருந்தால், ஏழு மாதம் என்னை நானே திட்டிக்கொண்டிருக்க மாட்டேன். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தி அழுத்தம் ஏறினால் மனவுறுதி போதவில்லை என்று யாராவது சொல்கிறார்களா? எங்கள் தெருவில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண் வீடு தேடி வந்து என் மாமியாருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதே வீட்டில் எனக்குக் கிடைப்பது "வாயைக் கட்டு" என்ற உபதேசம். காப்பீட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல்நிறைக் குறியீடு 40-ஐத் தொட்டால், அல்லது 35-ஐத் தொட்டு, பருமனோடு சேர்ந்து வரும் கடுமையான நோயும் இருந்தால், எடைகுறைப்பு அறுவை சிகிச்சைக்கு அதில் இடம் உண்டு. அதாவது இன்னும் கொஞ்சம் குண்டாகி, இன்னும் கொஞ்சம் நோயாளியாகிவிட்டு வரச் சொல்கிறார்கள். நான் நல்ல வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

மன்னிக்கவும், காப்பீட்டை நீங்கள் நடத்தவில்லை. உங்களிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகிறது. அதனால் ஊசி போடும் காலத்திலேயே எடை தூக்கும் பயிற்சியையும் புரதத்தையும் தொடங்கியிருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கொடுத்த உணவுத் தாளில் ப்ரோக்கோலி இருந்தது. காந்தி மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் இல்லை. டென்மார்க்கில் லிராக்ளூடைடு என்ற இன்னொரு எடைகுறைப்பு ஊசியை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஊசியோடு மேற்பார்வையில் உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு, இரண்டும் நின்று ஓராண்டு ஆன பிறகு, ஊசி மட்டும் போட்டவர்களைவிடக் குறைவாகவே எடை திரும்பியிருந்தது. முழுத் தீர்வு என்று சொல்லவில்லை. ஒன்றுமே செய்ய முடியாது என்பதும் உண்மை இல்லை என்கிறேன். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, மருந்தை நிறுத்தியவர்களுக்குக் குறைந்தது ஓராண்டு ஆலோசனையும் கண்காணிப்பும் தர வேண்டும் என்று 2025-இல் சொல்லிவிட்டது. நான் கேட்பதும் அதே ஓராண்டுதான். மாதம் ஒரு முறை எடை, அவ்வப்போது சர்க்கரையும் அழுத்தமும், மூன்று கிலோ ஏறினால் என்ன செய்வது, ஐந்து ஏறினால் என்ன என்று ஒரு தாள். பசி திரும்பும் வாரத்தில் பேச ஒரு தொலைபேசி எண். இதற்குப் பணம் கேட்டாலும் கொடுப்போம். மாதம் 17,500 கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

செமாக்ளூடைடு என்ற இன்னொரு எடைகுறைப்பு மருந்தின் காப்புரிமை இங்கே 2026 மார்ச்சில் முடிந்து, உள்நாட்டு நிறுவனங்களின் ஊசிகள் மலிவாக வரத் தொடங்கிவிட்டன. எங்கள் தெருவிலேயே, மகள் கல்யாணத்துக்குள் பத்து கிலோ குறைக்க வேண்டும் என்று இரண்டு பேர் விசாரிக்கிறார்கள். கல்யாணம் முடிந்ததும் அவர்கள் நிறுத்துவார்கள். உங்கள் நாட்காட்டியில் கல்யாணத் தேதி வரை மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: தொடங்கும் அன்றே, நிறுத்துவதற்கான வழியையும் எழுதிக் கொடுங்கள்; அதன் பிறகு ஓராண்டு உடன் இருங்கள். நாத்தனார் அன்று பதிவு செய்யாமல் திரும்பிவிட்டார். அந்தத் தாள் இருந்தால் நானே அழைத்து வருகிறேன்.

என் படத்தைக் கழற்ற வேண்டாம். பக்கத்தில் இன்னொன்றை மாட்டும் அளவுக்கு இடம் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். எந்தக் கிழமை வரட்டும் என்று சொல்லுங்கள். அதே மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு வருகிறேன், ரவிக்கையும் இப்போது சரியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சுவரில் வலப்பக்கம் இருப்பவள்,
திருச்சி