பனிச்சரிவுக்கும் எண் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

பாம்பனில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் மறுநாள் காலையில் உங்கள் பத்திரிகையில் செய்தி வந்துவிடுகிறது. எங்கள் மண்டபத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட அதன் அர்த்தம் தெரியும். இமயமலைப் பனிச்சரிவுக்கும் அப்படி எண் உண்டு, 1 முதல் 5 வரை. சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிலையம், எந்த மாவட்டத்தில் எத்தனை மீட்டருக்கு மேல் ஆபத்து என்று குளிர்காலத்தில் அறிவிக்கிறது. தமிழில் அதைப் படித்த ஞாபகம் எனக்கில்லை.

என் அக்கா மகன் ஜனவரியில் குடும்பத்தோடு காஷ்மீரில் குல்மார்க் போகிறான். டூர் ஏற்பாடு செய்பவரிடம் கேட்டதற்கு, "பனி நின்னு வெயில் அடிச்சா ஒண்ணும் பயமில்ல சார்" என்றாராம். காற்று நின்ற மறுநிமிஷமே வள்ளத்தை இறக்குகிறவன் இந்தக் கரையில் உண்டா? புதுப்பனி கொட்டி ஓய்ந்த முதல் ஒன்றிரண்டு நாள்தான் மோசம். வெயில் ஏறினால் அதைவிட மோசம்.

காஷ்மீர் எல்லையில் குப்வாரா பக்கம் நான் இரண்டு குளிர்காலம் இருந்தேன். சரிவான இடங்களை விடியுமுன்பே கடந்துவிடுவோம். இடுப்பில் நீளமாக ஒரு சிவப்புக் கயிறு பின்னால் இழுபடும். ஆள் புதைந்தாலும் கயிறாவது வெளியே தெரியுமே என்றுதான். ஒருநாள் காலடியில் 'வொம்ப்' என்று சத்தம், கூடவே பனி ஒரு விரற்கடை கீழே இறங்கியது. முன்னால் போன கட்வாலிக்காரர் கையை உயர்த்தினார். மூச்சுக் காட்டாமல் வந்த தடத்திலேயே திரும்பினோம். அடியில் சர்க்கரை மாதிரி ஒட்டாமல் கிடக்கும் பனி, மேலே காற்றில் பலகை மாதிரி இறுகிய பனியைத் தாங்காமல் நொறுங்குகிற சத்தம் அது. 30 முதல் 45 டிகிரி சரிவாக இருந்தால் பலகை மொத்தமும் கழன்று வரும்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஆறு நாள் கழித்து அவர்களில் ஒருவரான ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்ததைத்தான் ஊர் பேசுகிறது. அவரும் பிப்ரவரி 11 அன்று போய்விட்டார். புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரைமணி தாண்டினால் கஷ்டம்தான்.

டிசம்பர் முதல் மார்ச் வரை, கூண்டுச் செய்திக்குப் பக்கத்தில் மூன்று வரி போதும். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே எல்லையில் நிற்கிறார்கள், எத்தனை குடும்பம் சுற்றுலா போகிறது!

எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்பு என்று அக்கா மகனிடம் சொன்னேன். "அது எதுல மாமா போட்டிருக்கும்?" என்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.