மலையடிவாரத்துப் பழைய தோட்டச் சாலையில் குதிரைச் சவாரிக்கு அனுமதி கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம், தங்காக், ஜொகூர்.

அனுப்புநர்:
சாகில் வட்டாரத் தோட்டக் குடியிருப்பினர்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

குனோங் லேடாங் மலைப் பூங்காவின் அடிவாரத்தில், செம்பனைக்கும் காட்டுக்கும் நடுவே, பழைய தோட்டச் சாலை ஒன்று கிடக்கிறது. ரப்பர்ப் பால் லாரி ஓடிய காலத்தில் செம்மண்ணும் சரளைக்கல்லும் கொட்டி இறுக்கிய சாலை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு அந்தப் பக்கம் வண்டி போவதில்லை. நீளம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். அதில் நடை வேகத்தில் குதிரைச் சவாரி நடத்த எங்களுக்கு அனுமதி வேண்டும். மலைமேல் ஏறும் பாதையில் வேண்டாம். அங்கே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நாளைக்கு நாங்களே வந்து கேட்டாலும்.

இப்படிச் சொல்லக் காரணம் உண்டு. போன ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் வெளியூர்க்காரர் ஒருவர் மூன்று குதிரைகளைக் கொண்டுவந்து நீர்வீழ்ச்சிப் பக்கம் விட்டார். நல்ல மழை நேரம். இரண்டே நாளில் பாதை உழுத வயல் மாதிரி ஆனது. பிள்ளைகள் குளிக்கும் இடத்துக்கு மேலே குதிரை லத்தி. அவர் காசை எண்ணிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு குதிரை என்று வாயைத் திறந்தாலே எல்லோரும் கையை விரிக்கிறார்கள். அவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. பார்த்ததை வைத்துத்தானே பேசுவார்கள்.

ஒரு குதிரை 450 கிலோ இருக்கும். அத்தனை பாரமும் நான்கு குளம்பில் இறங்குகிறது. ஈரச் சரிவில் குளம்பு வழுக்கினால் மண்ணை வெட்டி எடுத்துவிடும். அந்தப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் ஓடும். பின்னால் வரும் குதிரை பள்ளத்தை ஒதுக்கி ஓரமாக மிதிக்கும், பாதை அகன்றுகொண்டே போகும். லேடாங் 1,276 மீட்டர் உயரம். மேலே கயிறும் ஏணியும் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் இருக்கின்றன. அது மனிதர் ஏறும் மலை, குதிரைக்கு ஆகாது.

ஆனால் மலைப் பூங்காவில் குதிரையே கூடாது என்பதும் சரியல்ல. இந்த மனுவை எழுதும் என்னுடைய மகள் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் நானும் ஒரு மணி நேரம் குதிரை ஏறினேன். அறுபது வயதில் முதல் தடவை. அதுவரை நான் அருகில் பார்த்த குதிரை எங்கள் முனியாண்டி கோயில் சிமெண்டுக் குதிரை ஒன்றுதான். அந்தக் காலத்துத் துரை குதிரையில் தீம்பார் (தோட்டம்) சுற்றிய கதையெல்லாம் தாத்தா சொல்லிக் கேட்டதோடு சரி.

1934இல் ஏற்படுத்திய பூங்கா அது. நடைபாதைகள் மொத்தம் 800 மைலுக்கு மேல். குதிரைக்கு அனுமதி ஏறத்தாழ 550 மைலில். மற்றதில் ஆள் மட்டும்தான் போகலாம். நான் போன லாயத்தில் 225 பவுண்டுக்கு மேல், அதாவது 102 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் ஏற்ற மாட்டார்கள். வழிகாட்டி முன்னே போக, குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஓட்டம் கிடையாது. எதிரே நடந்து வந்தவர்கள் சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கிச் சத்தமில்லாமல் நின்றார்கள். மேல்பக்கம் நின்றால், மேலிருந்து பாய வரும் மிருகம் என்று குதிரை மிரளுமாம்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்துப்போனது வேறு. அங்குள்ள பாதைகள் பலவும், பூங்கா வருவதற்கு முன் மரம் வெட்டும் கம்பெனிகள் போட்ட ரயில் தடங்கள். மரம் இழுக்கும் ரயில் செங்குத்தாக ஏறாது அல்லவா? அதனால் ஏற்றம் தெரியாமல் போகும், அடிமண்ணும் இறுகியிருக்கும். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தடத்தை வைத்துக்கொண்டார்கள். குதிரை மேல் உட்கார்ந்துகொண்டே நான் நம் தோட்டச் சாலையைத்தான் நினைத்தேன்.

இங்கே எங்கள் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து நான்கு குதிரைகள் வளர்க்கிறார்கள். அதில் இரண்டு, சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு பந்தயம் நின்ற பிறகு கைமாறி வந்தவை. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பார்கள். சேணத்தையும் கணக்கில் சேர்த்து, 80 கிலோவுக்கு மேற்பட்ட யாரையும் ஏற்றுவதில்லை என்று வைத்திருக்கிறோம். (என்னையே ஒரு தடவை இறக்கிவிட்டார்கள்.) தலைக்கவசம் கட்டாயம்.

நம் ஊர் வெக்கையில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். வியர்க்காத குதிரை உடம்பு கொதித்துச் சாய்ந்துவிடும். அதனால் சவாரி காலை 7 முதல் 9.30 வரை மட்டும், மழை பெய்த மறுநாள் கிடையாது. கடிக்கும் ஈக்கள் மூலம் பரவும் சுர்ரா என்ற நோயும் உண்டு. குதிரைக்குக் காய்ச்சல் வந்து வந்து, இரத்தம் குறைந்து, எலும்பாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் இரத்தம் கொடுத்துப் பார்த்து, முடிவைத் தங்கள் அலுவலகத்துக்கும் அனுப்புகிறோம். அப்புறம், லத்தியோடு களை விதையும் காட்டுக்குள் போகும். அமெரிக்காவின் மேற்குப் பூங்காக்கள் பலவற்றில் களைவிதை இல்லை எனச் சான்று பெற்ற தீவனத்துக்குத்தான் அனுமதி. நாங்கள் விதை பிடிக்காத இளம் நேப்பியர் புல்லையே போடுகிறோம். வழியில் விழும் லத்தியை வாளியில் அள்ளி வந்துவிடுவோம். எங்கள் கத்தரிக்காய்ப் பாத்திக்கு அது போதவில்லை என்பதுதான் வீட்டுப் பெண்களின் புகார்.

சிக்கல் நிலத்தில்தான் இருக்கிறது. சாலையில் பாதி தோட்ட நிலம். மீதி யாருடையது என்று கேட்ட இடத்திலெல்லாம் வேறு வேறு பதில். தாங்கள் நில அளவையாளரை அனுப்பி எல்லையைக் காட்டித் தர வேண்டும். தோட்ட நிர்வாகத்தையும் பூங்கா நிர்வாகத்தையும் எங்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். முதலில் ஆறு மாத அனுமதி போதும். சாலை கெட்டுப்போனால் நீட்டிக்க வேண்டாம். பழங்கதையில் தன்னை மணக்க வந்த சுல்தானிடம் கேட்ட லேடாங் இளவரசி மாதிரி தங்கப் பாலமும் ஏழு தட்டுக் கொசு இருதயமும் நாங்கள் கேட்கவில்லை.

குடியிருப்பினர் கையொப்பமும், பையன்கள் கையால் வரைந்த பாதைப் படமும் இத்துடன் இருக்கின்றன. ஏதாவது ஒரு சனிக்கிழமை காலை 7 மணிக்கு முனியாண்டி கோயிலடிக்கு வந்தால் சாலை முழுவதையும் நடந்தே காட்டுகிறோம். நடுவில் ஓடைப் பாலத்துப் பலகை இரண்டு இற்றுக் கிடக்கிறது. அதை நாங்களே மாற்றிவிடுவோம். தாங்கள் அதற்கு முன்பே வருவதாக இருந்தால் மட்டும் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தோட்டக் குடியிருப்பினர் சார்பில்,
முனியாண்டி கோயில் நிர்வாகக் குழுத் தலைவர்