வார்டு முடிவுகளில் செவிலியருக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியருக்கு,

தென்காசி, அம்பை, சங்கரன்கோவில் என்று நாலா பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வந்து சேரும் ஊர் பாளையங்கோட்டை. ஆனால் இங்கே மருத்துவமனையில் டூட்டி லிஸ்ட், இன்டென்ட் (வார்டுக்கு வேண்டிய பொருட்களைக் கேட்டு எழுதும் பட்டியல்), ஓவர் கொடுக்கும் முறை (ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது) எல்லாம் பெரும்பாலும் மேலே முடிவாகித்தான் வார்டுக்கு வருகின்றன. கட்டிலருகே நிற்கும் செவிலியரை யாரும் கேட்பதில்லை.

குழந்தைகள் வார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு மஞ்சள் நிற 24 கேஜ் கேனுலா (ரத்தநாளத்தில் மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) வேண்டும். போன மாதத் தாளைப் பார்த்து அப்படியே இன்டென்ட் எழுதினால், பெரியவர்களுக்கான பச்சை 18-ம் ரோஸ் 20-ம் பெட்டி பெட்டியாக இறங்கும்; மஞ்சள் பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடும். பிறகு பக்கத்து வார்டில் கடன், அங்கும் இல்லையென்றால் குழந்தையின் தகப்பனார் மருந்துக்கடைக்கு ஓடவேண்டும். எந்த நிறம் எத்தனை செலவாகிறது என்பது டூட்டி சிஸ்டருக்கு அத்துப்படி. அதைச் சொல்லத்தான் இடமில்லை.

அந்த இடம்தான் வார்டு செவிலியர் குழு. அமெரிக்க மருத்துவமனைகளில் 1980களில் டிம் போர்ட்டர்-ஓகிரேடி போன்ற செவிலியர்கள் பரப்பிய முறை இது. 15 செவிலியர் உள்ள வார்டுக்கு 5 பேர் போதும். அவர்களை வார்டே தேர்ந்தெடுக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் இருப்பவர்களை விட்டுவிடக் கூடாது. மாதம் ஒரு மணி நேரக் கூட்டம், அதுவும் டூட்டிக் கணக்கில். நைட் முடித்து அம்பை பஸ்ஸுக்குக் கிளம்புகிறவரை இருந்துவிட்டுப் போகச் சொன்னால் மூன்றாம் மாதமே குழு கலைந்துவிடும்.

கண்காணிப்பாளர் தலைமையில் உட்கார்ந்தால் இளையவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழு எழுதித் தரும் ஒவ்வொன்றுக்கும் 14 நாளில் ‘சரி’ என்றோ, ‘முடியாது, காரணம் இது’ என்றோ எழுத்தில் பதில் தர வேண்டும்.

எது யார் கையில் என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். இன்டென்ட் அளவு, எமர்ஜென்சி டிராலி அடுக்குவது, ஓவர் நோட்டு, டூட்டி மாற்றிக்கொள்வது ஆகியவற்றைக் குழுவே முடிவு செய்யலாம். கூடுதல் ஆள், புதுக் கருவி கேட்பது பரிந்துரையோடு நிற்கும். மருந்தின் அளவு மருத்துவர் சொல்வது. இடமாறுதல், சம்பளம் சங்கம் பேச வேண்டியது. இந்தக் கோடு போடாத குழு, ஃபேனையும் டீயையும் பேசியே ஓய்ந்துபோகும்.

முதலில் ஒரே ஒரு வார்டில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கட்டும். மஞ்சள் கேனுலா இல்லாமல் போன நாட்களை முன்னும் பின்னும் எண்ணினால் பலன் தெரியும். அதற்கு, குழு அமையும் முன்பே, இந்த மாதத்திலிருந்தே அந்த நாட்களை வார்டு நோட்டில் குறித்துவர வேண்டும்.

இப்படிக்கு,
செவிலியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.