பயிற்சிப் பொம்மை ஏன் எப்போதும் ஆணாகவே இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் மாரடைப்பின் அறிகுறிகள் குறித்து வெளியான கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆனால் உடன் வந்த படத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர், வழக்கம்போல, ஓர் ஆண். 30 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது மாணவியருக்கு முதலுதவி கற்பித்துவரும் எனக்கு அந்தப் படத்தைக் கண்டதும் என் அக்காவின் நினைவு வந்தது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில் அக்காவுக்குத் தாடையிலும் முதுகிலும் வலி; இரண்டு முறை வாந்தி; கட்டியிருந்த புடவை நனையும் அளவுக்கு வியர்வை. அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. அருகிலிருந்த மருத்துவமனையில், “கேஸ் டிரபிள்தான், பயப்படாமல் போய்த் தூங்குங்கள்” என்று ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இசிஜி எடுக்கவே இல்லை. மறுநாள் பகலில் வேறோர் இடத்தில் எடுத்தபோதுதான் மாரடைப்பு என்று தெரிந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இதயத்தசையின் ஒரு பகுதி கெட்டுவிட்டதால், இன்றும் நான்கு படி ஏறினால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறார். அன்றிரவு பணியில் இருந்த இளம் மருத்துவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாரடைப்பு நோயாளி என்றதும் அவர் மனக்கண்ணில் வந்து நிற்பவர் ஆணாகவே இருக்கும்படிதான் அவருக்கும் கற்பித்திருப்பார்கள்.

பெண்களுக்கும் மாரடைப்பில் நெஞ்சுவலிதான் பெரும்பாலும் முதல் அறிகுறி என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதனோடு மூச்சுத்திணறல், குமட்டல், தாடைவலி, முதுகுவலி, காரணம் புரியாத அசதி ஆகியவை ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாகச் சேர்ந்து வருகின்றன. அவை முந்திக்கொள்ளும்போது நெஞ்சுவலி பின்னுக்குப் போய்விடுகிறது. இவற்றைப் பாடநூல்கள் ‘வழக்கத்துக்கு மாறான அறிகுறிகள்’ என்ற தலைப்பில் வைக்கின்றன. மக்கள்தொகையில் பாதிப்பேருக்கு வரக்கூடியதை வழக்கத்துக்கு மாறானது என்று எழுதினால், படிக்கும் மாணவர் அதை அபூர்வம் என்றுதானே மனத்தில் கொள்வார்?

இசிஜி அறைக்குள் வந்து பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். மார்பில் ஒட்டும் ஆறு மின்முனைகளில் நான்காவது, ஐந்தாம் விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழாக இருக்க வேண்டும். பெண் நோயாளியானால் மார்பகத்தைச் சற்று உயர்த்தி, அதன் கீழே ஒட்ட வேண்டும். பயிற்சியின்போது சட்டையைக் கழற்றிவிட்டுப் படுக்கும் ஆண் தன்னார்வலர் மீதே பழகியவருக்கு, ரவிக்கையைத் தளர்த்தச் சொல்லவே நா எழுவதில்லை. கூச்சத்தில் இரண்டு விரற்கடை மேலே ஒட்டிவிடுகிறார். நோயாளியும் கூச்சத்தில் ஒன்றும் சொல்வதில்லை. இடம் மாறினால் பதிவும் மாறும்: இல்லாத கோளாறு தெரியலாம், இருப்பது மறையலாம். நோயாளியின் மானத்தைக் காப்பதும் சரியான இடத்தில் ஒட்டுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஒரு திரைச்சீலையும், ஒரு துண்டும், என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லும் நான்கு சொற்களும் போதும். அந்த நான்கு சொற்களைத்தான் நாம் கற்பிப்பதில்லை.

உயிர்காக்கும் மார்பழுத்தப் பயிற்சிக்கான பொம்மைகளும் பெரும்பாலும் தட்டை மார்பு கொண்ட ஆண் உருவங்களே. அமெரிக்காவில் பொது இடங்களில் இதயம் நின்று விழுந்தவர்களைப் பற்றிய ஓர் ஆய்வில், ஆண்களில் 45 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 39 விழுக்காட்டினருக்கும் மட்டுமே அருகிலிருந்தோர் மார்பழுத்த உதவி செய்திருந்தனர். பெண்ணின் மார்பில் கை வைக்கத் தயங்குவது நம் ஊரில் எவ்வளவு இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்துகளின் கதையும் இதுவே. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1977-இல் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கிவைத்து, 1993-இல்தான் அந்நிலையை மாற்றிக்கொண்டது. சோல்பிடெம் என்னும் தூக்க மருந்தின் அளவைப் பெண்களுக்குப் பாதியாகக் குறைக்கும்படி அந்நிர்வாகம் அறிவித்தது 2013-இல். அதற்குள் அம்மருந்து விற்பனைக்கு வந்து 20 ஆண்டுகள் கடந்திருந்தன.

பெண் உடலை நம் மருத்துவக் கல்வி அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அதைக் கூர்ந்து பார்த்த இடம் ஒன்று உண்டு என்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. தடயவியல் மருத்துவப் பாடத்தில் கன்னித்தன்மையின் அடையாளங்கள் என்று பத்தி பத்தியாகக் கற்பித்தார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பிறப்புறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இருவிரல் சோதனை, அவளது அந்தரங்க உரிமையையும் கண்ணியத்தையும் மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறியது. அதன் பிறகும் அது ஓயாததால், சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அதனை நிறுத்தும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மருத்துவப் பாடத்திட்டத்தையே மறுஆய்வு செய்யச் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் கன்னித்தன்மையும் கன்னித்திரையும் பாடத்தலைப்புகளாகத் திரும்பி வந்தன. கடும் எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களில் அந்த வழிகாட்டுதல்கள் விலக்கிக்கொள்ளப்பட்டன. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளக்கப் பக்கம் ஒதுக்கியவர்கள், அவள் இதயம் எப்படி வலிக்கும் என்று எழுத அதே அக்கறையைக் காட்டியிருக்கலாம்.

என் வகுப்பில் இருக்கும் பொம்மையும் ஆண்தான். தெருமுனைத் தையல்காரரிடம் பஞ்சு அடைத்த மேலுறை ஒன்று தைத்து வாங்கி, அதன்மேல் என் பழைய ரவிக்கையைப் போட்டுவிட்டேன். முதல் நாள் மாணவியர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் நாள், கொக்கிகளைக் கழற்றி, நின்ற இதயத்தை மீண்டும் இயக்க உதவும் மின்னதிர்ச்சிக் கருவியின் ஒட்டுத்தகட்டை இடது மார்பகத்துக்குக் கீழே விலாப்புறமாகச் சரியாகப் பதிக்க அவர்களுக்குச் சில நொடிகளே ஆயின. மாநிலத்தின் ஒவ்வொரு மருத்துவ, செவிலியர், தொழில்நுட்பனர் பயிற்சி நிலையத்திலும் பெண் உருவப் பொம்மை ஒன்றாவது இருக்கவும், பெண்ணுக்கு இசிஜி எடுக்கும் முறையைச் செய்முறைத் தேர்வில் தனியே மதிப்பிடவும் மருத்துவக் கல்வித் துறை ஆணையிட வேண்டும். மாரடைப்பைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, தாடையைப் பிடித்தபடி திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படத்தை வெளியிடுமாறு தங்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருநெல்வேலி.