பெயர் பழையது, ஆள் புதியவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க ராணுவ முகாம்களுக்குப் 'பழைய பெயர்களே திரும்பின' என்று உங்கள் உலகச் செய்திப் பக்கத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பெயர்தான் பழையது, ஆள் வேறு. அதைச் சொல்லாமல் விட்டால் செய்தியில் பாதி போச்சு.

ஃபோர்ட் பிராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வட கரோலினாவில் 1918-ல் பீரங்கிப் பயிற்சிக்காக கேம்ப் பிராக் என்று தொடங்கி, 1922-ல் ஃபோர்ட் பிராக் ஆன முகாம் அது. 82-வது வான்வழிப் படைப்பிரிவு இருப்பது அங்கேதான். பெயருக்கு உரிய பிராக்ஸ்டன் பிராக், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலங்களின் தளபதி, தானும் அடிமைகளை வைத்திருந்தவர். சரி, சண்டையிலாவது பெரிய சூரரா என்றால் அதுவும் இல்லை. 1863-ல் சட்டனூகாவில் தோற்றார், தனக்குக் கீழிருந்த தளபதிகளோடு ஓயாமல் தகராறு வேறு. அமெரிக்க ராணுவத்தையே எதிர்த்துப் போரிட்டவர் பெயரை அந்த ராணுவமே நூறு வருஷம் வைத்திருந்தது!

2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பரைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு இது பெரிய பேச்சானது. டிரம்ப் வீட்டோ செய்தும் நாடாளுமன்றம் அதை முறியடித்து, இப்படிப்பட்ட பெயர்களை எடுக்கச் சட்டம் போட்டது. 2023-ல் தென் மாநிலத் தளபதிகளின் பெயரில் இருந்த ஒன்பது முகாம்களுக்கும் புதுப்பெயர், பிராக் மட்டும் ஆள் பெயர் இல்லாமல் 'லிபர்டி' ஆனது. 2025 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் ஹெக்செத் ஒரு கையெழுத்தில் அதை மறுபடி பிராக் ஆக்கினார். ஆனால் சட்டம் குறுக்கே நிற்கிறதே? அதனால் இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட ரோலண்ட் பிராக் என்ற சிப்பாயைத் தேடிப் பிடித்தார்கள். எதிரியின் ஆம்புலன்ஸைக் கைப்பற்றி 20 மைல் ஓட்டிப்போய் சக வீரனின் உயிரைக் காத்து, சில்வர் ஸ்டார் பதக்கம் வாங்கியவர். மரியாதைக்கு உரியவர்தான், ஆனால் குடும்பப் பெயர் வேறாக இருந்திருந்தால் அவரை யார் நினைத்திருப்பார்கள்?

முன்பு தென் மாநிலத் தளபதி ஏ.பி.ஹில்லின் பெயரில் இருந்த வர்ஜீனியா முகாம் இன்னும் வேடிக்கை. ஒரே ஆளில் இனிஷியல் ஒத்துவரவில்லை போல, புரூஸ் ஆண்டர்சன், ராபர்ட் பின், எட்வர்ட் ஹில் என்று மூன்று வீரர்களைச் சேர்த்து ஏ, பி, ஹில் என்று பொருத்திவிட்டார்கள். மூவருமே உள்நாட்டுப் போரில் தளபதி ஹில்லுக்கு எதிர்த்தரப்பில் நின்றவர்கள்!

எனக்கு வருத்தம், தென் மாநிலத் தளபதி ராபர்ட் லீயின் பெயரில் இருந்த ஃபோர்ட் லீ விஷயத்தில்தான். அதற்கு 2023-ல் கிரெக்-ஆடம்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சாரிட்டி ஆடம்ஸ், போர்க்காலத்தில் இங்கிலாந்தில் மலையாகத் தேங்கிக் கிடந்த சிப்பாய்களின் கடிதங்களை, ஆறு மாத வேலையை மூன்றே மாதத்தில் முடித்த கறுப்பினப் பெண்கள் படையின் தலைவி. ஆர்தர் கிரெக், கறுப்பர் என்பதால் அதே முகாமின் அதிகாரிகள் கிளப்பில் ஒரு காலத்தில் நுழைய விடப்படாதவர், பிறகு லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். பெயர் சூட்டும்போது உயிரோடு இருந்து விழாவுக்கும் வந்தார், மறு வருஷம் இறந்துபோனார். 2025-ல் இருவர் பெயரையும் எடுத்துவிட்டு, ஃபிட்ஸ் லீ என்ற கறுப்பின வீரரின் பெயரில் மறுபடி 'லீ' ஆக்கிவிட்டார்கள். இரண்டு கறுப்பர்களை எடுத்து இன்னொரு கறுப்பரை வைத்துவிட்டதால் யாரும் குறை சொல்ல முடியாது, பலகையில் லீயும் நிற்கும். கெட்டிக்காரத்தனம்தான்.

அடுத்த முறை இந்தச் செய்தி வரும்போது எந்த பிராக், எந்த லீ என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். இடம் போதாவிட்டால் படத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி