நில் ரிப்போர்ட்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

உங்கள் கல்லூரியில் சமவாய்ப்பு மையத்தை, அதாவது பிள்ளைகளிடம் பாகுபாடு காட்டாமல் பார்த்துக்கொள்கிற கமிட்டியை, உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். இருக்கிற சோலி பத்தாதா என்று அவளுக்கு வருத்தம். எனக்குச் சந்தோஷம்தான். போனில் பேசினால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

கல்லூரி ஆபீசில் சூப்பிரண்டாக இருந்தவன் நான். இந்தக் கமிட்டி ஃபைல்களின் லட்சணம் எனக்குத் தெரியும். சர்க்குலர், வருகைக் கையெழுத்து, மினிட்ஸ், கடைசியில் ‘இவ்வாண்டு புகார் ஏதும் இல்லை.’ கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் குழு வந்தால், ‘ஒன்றுமில்லை’ என்கிற அந்த நில் ரிப்போர்ட்டைத்தான் பெருமையாக எடுத்து வைப்பார்கள். பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவர் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு, அந்த யுஜிசி, 2012-லேயே விதி போட்டது. போர்டும் மாட்டியாச்சு. ஆனால் அந்த அறை முதல்வர் அறைக்கு எதிரில் இருந்தால் எந்தப் பிள்ளை, தாயி, உள்ளே வரும்? புகார் இல்லை என்றால் முதலில் உன் வாசலைச் சந்தேகப்படு.

ஸ்காலர்ஷிப் விஷயத்தைக் கவனி. கிளார்க் வகுப்புக்குள் போய், ‘எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகள் எந்திரிங்க’ என்பான். கடைசி பெஞ்சில் ஒரு பையன் பாதி எழுந்து, கீழே விழாத பேனாவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு எங்கள் ஆபீசில், பரீட்சை ஃபீஸ் கட்ட வரும்போதே கவுன்ட்டரில் படிவத்தைக் கொடுத்து வாங்கினோம். அந்த வரிசையில் எல்லோரும்தானே நிற்கிறார்கள், யார் எதற்கு நிற்கிறார் என்று யாருக்குத் தெரியும்? அரசாணை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்த பையன்களே சாதிப் பகையில் வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறு வரைக்கும் அதில் பேசியிருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்காக எழுதியதுதான், ஆனாலும் வாசித்துப் பார். நம் பக்கத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்து உங்கள் ஹாஸ்டலுக்குத்தானே வருகிறார்கள்? கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டு வந்தாலும் ‘உனக்கு எந்த ஊர், எந்தத் தெரு?’ என்று கேட்கத்தான் செய்வார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டப்படி 5 சதவீத இடம் உண்டு. இடம் கொடுப்பதோடு கை கழுவிவிடுகிறார்கள். இங்கே காது கேளாதோர் பள்ளியில் படித்த பிள்ளைகள் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். உங்கள் ஆட்கள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினால் அந்தப் பிள்ளை யார் வாயைப் பார்க்கும்? இதைச் சர்க்குலரில் போடாதே, டீ குடிக்கும்போது சொல்.

‘இது சாதியைக் கிளறுகிற கமிட்டி’ என்று ஸ்டாஃப் ரூமில் ஒருத்தர் சொல்லாமல் இருக்கமாட்டார். விவாதத்துக்குப் போகாதே, நேரம் வீண். இந்தப் பொறுப்புக்காக வாரத்துக்கு இரண்டு பீரியட் குறைத்துத் தரச் சொல்லி எழுத்தில் வாங்கு. இளிச்சவாயர் யாரோ அவர் தலையில்தான் கமிட்டியைக் கட்டுவார்கள், புரமோஷன் சமயத்தில் ஆராய்ச்சிப் பேப்பர் எங்கே என்று உன்னைத்தான் கேட்பார்கள்.

ஹாஸ்டல் வார்டனையும் பெருக்க வருகிற அக்காமாரையும் பழகி வைத்துக்கொள். யார் சாப்பிடாமல் அறையிலேயே கிடக்கிறாள் என்பது உன் ஃபைலுக்கு வருமுன் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அம்மா கருப்பட்டியும் இட்லிப்பொடியும் பஸ்ஸில் போட்டுவிடுகிறாள். பொடி இரண்டு டப்பா, ஒன்று வார்டனுக்கு.

அன்புடன்,
அப்பா