மேசைமேல் மாத்திரை, அதற்கு அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்லைனில் வரவழைத்த வலி நிவாரண மாத்திரைகளோடு மூன்று பையன்கள் பிடிபட்ட செய்தி போன வாரம் நம் பேப்பரில் வந்திருந்தது. மேசைமேல் அட்டை அட்டையாக மாத்திரை, பின்னால் தலைகுனிந்து மூன்று பேர். இதே படத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், ஆட்கள் மட்டும்தான் மாறுகிறார்கள். செய்தி அந்த மேசையோடு முடிந்துவிடுகிறது. பிடிபடாதவர்களில் சிலர் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முப்பத்தோரு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். அதில் கடைசி ஒன்பது வருடம் இதய வார்டு.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயது. ஒரு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல். முதலில் டைஃபாய்டு என்றிருக்கிறார்கள், அப்புறம் நிமோனியா. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க வட்ட வட்டமாகத் திட்டுகள் தெரிந்ததும் டிபி. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் டிபி மாத்திரைதான் ஓடியிருக்கிறது.

மருந்து ஏற்றுகிற வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட நரம்பு தேடினேன். இடது முழங்கையின் உட்பக்கம் தடவினால் காய்ந்த கயிறு மாதிரி இருந்தது. வலது கையிலும் அப்படித்தான். ஒரு மாத ஆஸ்பத்திரி ஊசியில் இப்படி ஆகாது. அவன் அம்மாவிடம் பிளாஸ்கைக் கொடுத்து டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, "தம்பி, நான் போலீஸ் கிடையாது. என்ன போட்டுக்கிட்ட?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாத்திரைதான்கா. கரைச்சு" என்றான். எட்டு மாதமாம். "இத ஏண்டா யாருகிட்டயும் சொல்லல?" என்றால், "யாரும் கேக்கலையேக்கா" என்கிறான்.

மறுநாள் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தார்கள். இதயத்தின் வலது பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கிற மூவிதழ் வால்வில் ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஏரியாவில் கரண்ட் கம்பியில் சிக்கின காத்தாடியின் வால் அப்படித்தான் ஆடும். பையனும் திரையைப் பார்த்துவிட்டு, "அது என்னக்கா ஆடுது?" என்றான். கிருமியும் உறைந்த ரத்தமும் சேர்ந்த கட்டி அது. வால்விலும் இதயத்தின் உள்சுவரிலும் கிருமி குடியேறுகிற இந்த நோய்க்கு எண்டோகார்டைட்டிஸ் என்று பெயர்.

வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் 3 முதல் 10 பேருக்குத்தான் வரும். அரிதானதுதான். ஆனால் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது. தோலில் சாதாரணமாக இருக்கிற ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி ஊசி முனையோடு உள்ளே போகும். கை நரம்பில் போனது எதுவானாலும் முதலில் இதயத்தின் வலது பக்கம்தான் போய்ச் சேரும். மாத்திரை என்பது விழுங்குவதற்குச் செய்தது, அதில் டால்க்கும் செல்லுலோஸும் இருக்கும். கரையாத அந்தத் தூள் வால்வை உரசிப் புண்ணாக்கும், கிருமிக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். கட்டியிலிருந்து துணுக்குகள் பிய்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் டிபி போலத் தெரிந்த வட்டங்கள் அவைதான்.

இது இன்று நேற்று வந்த கதையும் இல்லை. 1970களின் கடைசியிலும் 80களிலும் அமெரிக்காவின் சிகாகோவில் பென்டசோசின் என்ற வலி நிவாரண மாத்திரையை இன்னொரு ஒவ்வாமை மாத்திரையோடு சேர்த்துக் கரைத்து ஏற்றிக்கொண்டவர்களுக்கு சூடோமோனாஸ் கிருமி வால்வில் ஏறியது. 1983-ல் அங்கே அந்த மாத்திரையிலேயே போதையை முறிக்கிற நாலாக்சோனைக் கலந்து விற்க ஆரம்பித்தார்கள், ஊசியாக ஏற்றினால் போதை தராது என்பதற்காக. அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் போதைப் பழக்கத்தோடு இந்த இதய நோயும் சேர்ந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் 2010-ல் லட்சத்துக்கு 0.2 பேர். 2015-ல் 2.7. ஐந்தே வருடத்தில் பன்னிரண்டு மடங்குக்கு மேல்.

நம் ஊரில் டிரமடால் என்ற வலி நிவாரண மாத்திரையை 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். டேபெண்டாடால் என்ற இன்னொரு வலி மாத்திரை அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துதான், கூரியரில் வருகிறதே! அதே 2018 ஆகஸ்ட்டில் ஆன்லைன் மருந்து விற்பனைக்கு மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டது. டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதி வரும்வரை விற்கக் கூடாது என்றார். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. வரைவு வருடக்கணக்கில் வரைவாகவே கிடந்தது.

பையன் வார்டில் இருந்தபோது அவன் போன் அம்மாவிடம்தான் இருக்கும். ஒருநாள் என்னிடம் வந்து, "ஏதோ செல்போன் கவர் ஆர்டர் பண்ணியிருக்கான் போல சிஸ்டர், பார்சல் வந்திருக்குன்னு கூப்பிட்டாங்க. அக்கா பையன வாங்கி வைக்கச் சொல்லிட்டேன்" என்றார். பையன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் தோன்றும்.

நரம்பு வழியாக ஆறு வாரம் ஆன்டிபயாடிக். நாற்பத்திரண்டு நாளும் இருந்து, நடந்துதான் போனான். வால்வில் கசிவு இருக்கிறது. அந்த நாற்பத்திரண்டு நாளில் பழக்கத்தை விடுவது பற்றிப் பேச மனநல டாக்டர் வந்தது ஒரே ஒரு முறை, அதுவும் பத்து நிமிடம். வாலைப் பிடுங்கிவிட்டு நூலை அவன் கையிலேயே விட்டு அனுப்பினோம்.

டாக்டர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரக்கணக்கில் காய்ச்சலோடு ஓர் இளவட்டம் வந்தால், அம்மா அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு ஊசி பற்றிக் கேளுங்கள், சட்டைக் கையை மடக்கிப் பாருங்கள். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்னே ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற பிளட் கல்ச்சருக்கு மூன்று முறை ரத்தம் எடுங்கள். மருந்து உள்ளே போய்விட்டால் பல சமயம் கிருமி வளர்ந்து காட்டாது. இந்தப் பையனுக்கு அப்படித்தான் ஆனது, எந்தக் கிருமி என்றே தெரியாமல் வைத்தியம் செய்தோம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த மேசைப் படத்தைப் போடும்போது கீழே இரண்டு வரி சேருங்கள்: ஊசி போட்டுக்கொண்டவருக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், பழக்கத்தை விட உதவி கேட்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் எந்த வார்டு, எந்தப் பையன் என்று எங்கள் தெருவில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவன் அம்மா இன்னும் நான் வாங்கும் கடையில்தான் பால் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
வட சென்னை